வளைவில் ஜீரோவை வெல்ல முடியாத வைல்ட்கேட், 1942இல் எப்படித் தாக்குப்பிடித்தது?

செந்நாரை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். பசிபிக் போரின் முதல் ஆண்டில் நடந்த வான்போர்களைப் பற்றிச் சில மாதங்களாகப் படித்து வருகிறேன். படித்ததை வீட்டுக் கணினியில் ஃப்ளைட் சிமுலேட்டரிலும் ஓட்டிப் பார்க்கிறேன். அமெரிக்கக் கடற்படையின் வைல்ட்கேட்டை எடுத்துக்கொண்டு ஜப்பானிய ஜீரோவுடன் வட்டமிட்டுச் சண்டையிட்டால், எவ்வளவு கவனமாக ஓட்டினாலும், இரண்டாவது சுற்று முடிவதற்குள் ஜீரோ என் வாலுக்குப் பின்னால் வந்துவிடுகிறது. மேலே ஏறித் தப்பலாம் என்றால் ஏற்றத்திலும் அதுவே முந்துகிறது. நேராக ஓடினாலும் பயனில்லை. ஜீரோவின் உச்ச வேகம் மணிக்கு சுமார் 530 கி.மீ., வைல்ட்கேட்டினுடையது சுமார் 510 கி.மீ. என்றுதான் நூல்களில் இருக்கிறது.

வளைவு, ஏற்றம், வேகம் ஆகிய மூன்றிலும் பின்தங்கிய ஒரு விமானத்தை வைத்துக்கொண்டு மிட்வேயிலும் குவாடல்கனாலிலும் அந்த விமானிகள் எப்படி நின்றார்கள் என்பதே என் கேள்வி. கவசத் தகடும், தானே அடைத்துக்கொள்ளும் எரிபொருள் தொட்டியும் இருந்தன என்று எல்லோரும் சொல்கிறார்கள். ஆனால் கவசம் சாவைச் சற்றுத் தள்ளிப்போடுமே தவிர, எதிரியை வீழ்த்தாது அல்லவா? ‘தாச் வீவ்’, அதாவது தாச்சின் பின்னல், என்ற உத்தியைப் பற்றியும் படித்தேன். படத்தில் பார்த்தால் இரண்டு விமானங்கள் மாறி மாறிக் குறுக்கே பறப்பது போலத்தான் இருக்கிறது. அதில் அப்படி என்ன இருக்கிறது என்பது எனக்கு விளங்கவில்லை. தெரிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

பழைய ஃபிட்டர் எழுதியது:

நண்பர் செந்நாரைக்கு வணக்கம். விமானப்படையில் ஏர்ஃபிரேம் ஃபிட்டராக இருபது ஆண்டுகளுக்கு மேல் வேலை செய்தவன் நான். அதனால் முதலில் ஜீரோவின் உடலமைப்பைச் சொல்லிவிட்டு, பிறகு தாச்சின் உத்திக்கு வருகிறேன். முன்னது புரிந்தால்தான் பின்னது ஏன் அப்படி அமைந்தது என்பது தெரியும்.

ஜீரோவை வடிவமைத்த ஜிரோ ஹொரிகோஷியிடம் ஜப்பானியக் கடற்படை கேட்டவை ஒன்றோடொன்று ஒத்துப்போகாதவை. நல்ல வேகம் வேண்டும், விரைந்து ஏற வேண்டும், சிறு வட்டத்தில் வளைய வேண்டும், அதோடு மிக நெடுந்தூரமும் பறக்க வேண்டும் என்றார்கள். 1942இல் களத்தில் இருந்த ஜீரோவின் சகாயே எஞ்சினோ ஏறத்தாழ 940 குதிரைத்திறன் மட்டுமே உடையது. வைல்ட்கேட்டின் எஞ்சின் 1,200 குதிரைத்திறன். எஞ்சினில் கிடைக்காததை எடையைக் குறைத்துத்தான் அவர் பெற வேண்டியிருந்தது. புதிய வகை அலுமினியக் கலவையைப் பயன்படுத்தினார், விமானிக்குப் பின்னால் கவசத் தகடு வைக்கவில்லை, எரிபொருள் தொட்டிக்கு ரப்பர் உறையும் கொடுக்கவில்லை. இதன் விளைவாக, முழுச் சுமையுடன் பறக்கும்போது ஜீரோவின் இறக்கை ஒரு சதுர மீட்டருக்குத் தாங்கிய எடை 107 கிலோவாகவும், வைல்ட்கேட்டின் இறக்கை தாங்கிய எடை ஏறக்குறைய 150 கிலோவாகவும் இருந்தன. வட்டமிடும் சண்டையில் இந்த இடைவெளியை எந்தக் கைத்திறனாலும் நிரப்ப முடியாது. ஆகவே சிமுலேட்டரில் உங்களுக்கு நேர்வதை உங்கள் குறையாக எண்ண வேண்டாம்.

ஆனால் ஜீரோவின் பலம் மெதுவான வேகத்தில்தான் முழுமையாக வெளிப்படும். விமானத்தை உருட்டுவதற்காக இறக்கையின் பின்விளிம்பில் அசையும் பலகைகளான அதன் ஏலரான்கள் பெரியவை. குறைந்த வேகத்தில் கைப்பிடியை இலேசாகச் சாய்த்தாலே விமானம் உருளும். வேகம் கூடக் கூட அதே பெரிய பரப்பின் மீது காற்று அழுத்த, கைப்பிடி இறுகிப்போகும். தரையில் நின்று ஏலரானைக் கையால் அசைத்துப் பார்த்தால் பூப்போல அசையும், வானில் அதே பலகையைக் காற்று பிடித்துக்கொள்ளும். பின்னாளில் அமெரிக்கர் கையில் கிடைத்த ஒரு ஜீரோவைச் சோதித்துப் பறந்தபோது, மணிக்கு சுமார் 370 கி.மீ.க்கு மேல் ஏலரான்கள் அசைக்க முடியாத அளவுக்கு இறுகுவதையும், இடப்புறத்தைவிட வலப்புறம் உருள்வது கடினமாக இருப்பதையும், மூக்கைச் சட்டென்று கீழே தள்ளினால் மிதவை வகைக் கார்புரேட்டரில் எரிபொருள் தடைப்பட்டு எஞ்சின் இடறுவதையும் குறித்து வைத்தார்கள்.

இனி தாச்சைப் பற்றிச் சொல்கிறேன். ஜான் தாச் அமெரிக்கக் கடற்படையின் மூன்றாம் போர்விமான ஸ்குவாட்ரனின் தலைவர். புதிய ஜப்பானியப் போர்விமானம் ஒன்றின் வளைவையும் ஏற்றத்தையும் பற்றிய உளவுக் குறிப்பு ஒன்று, பேர்ல் ஹார்பர் தாக்குதலுக்கு முன்பே, 1941இல் அவர் கைக்கு வந்தது. அந்த எண்களைப் பலர் நம்பவில்லை, அவர் நம்பினார். சான் டியாகோவை அடுத்த கொரனாடோவில், தம் வீட்டுச் சமையலறை மேசையின் மீது தீக்குச்சிகளை விமானங்களாகப் பரப்பி, இரவு இரவாக நகர்த்திப் பார்த்தார். தம் விமானத்தால் எதிரியை வளைந்து வெல்ல முடியாது என்பதைத் தொடக்கத்திலேயே ஒப்புக்கொண்டுவிட்டு, எதிரியைத் தம் துப்பாக்கிகளுக்கு முன்னால் வரவைக்க வழியுண்டா என்று தேடினார். அவருடைய சிந்தனையில் நான் மிகவும் மதிப்பது அந்த ஒப்புதலைத்தான்.

நீங்களும் நான்கு தீக்குச்சிகளை எடுத்துக்கொள்ளுங்கள். இடப்பக்கம் ஒரு ஜோடி, வலப்பக்கம் ஒரு ஜோடி, இரண்டும் ஒரே திசையில், பக்கம் பக்கமாகப் பறக்கின்றன. இடைவெளி, ஒரு விமானம் முழு வட்டம் அடிக்கத் தேவையான அகலம் இருக்க வேண்டும். இடப்பக்க ஜோடி வலப்பக்க ஜோடியின் வாலைப் பார்த்துக்கொண்டே வரும், வலப்பக்க ஜோடி இடப்பக்க ஜோடியின் வாலைப் பார்த்துக்கொண்டே வரும். தன் வாலைத் தானே பார்ப்பது எந்த விமானிக்கும் கடினம், அடுத்தவன் வாலைப் பார்ப்பது எளிது. வலப்பக்க ஜோடியின் பின்னால் ஜீரோ வருவதைக் கண்டதும், இடப்பக்க ஜோடி உடனே அதை நோக்கித் திரும்புகிறது. அந்தத் திரும்பலே எச்சரிக்கை, ரேடியோவில் ஒரு சொல்கூடப் பேச வேண்டியதில்லை. துணை ஜோடி தன் பக்கம் திரும்புவதைக் கண்ட வலப்பக்க ஜோடியும் உடனே இடப்பக்கம் திரும்பும். ஜீரோவின் குறி அப்போதே கலைந்துவிடும். அதன் பிறகு அந்த ஜீரோ விமானிக்கு எஞ்சியிருப்பவை இரண்டே வழிகள். இரையை விட்டுவிட்டு விலகினால், துணை ஜோடிக்குத் தன் பக்கவாட்டைக் காட்ட நேரும். விடாமல் துரத்தினால், எதிரே வரும் துணை ஜோடியின் துப்பாக்கிகளுக்கு நேராகப் போய் நிற்க நேரும். நம் ஊர்ப் பின்னல் கோலாட்டத்தைப் பார்த்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். கயிற்றைப் பிடித்தவர்கள் எதிரும் புதிருமாக மாறி மாறிப் போவதால்தான் பின்னல் விழுகிறது, ஒருவர் தாளம் தப்பினாலும் பின்னல் குலைந்துவிடும்.

தாச் இதை மேசையோடு விடவில்லை. புட்ச் ஓ’ஹேர் என்ற தம் விமானியின் தலைமையில் நான்கு விமானங்களைத் தாக்கும் தரப்பாக வைத்து அவற்றுக்கு முழு எஞ்சின் ஆற்றலையும் அனுமதித்தார். தம் நான்கு விமானங்களுக்கோ த்ராட்டிலை முழுதாகத் திறக்கக் கூடாது என்று கட்டுப்பாடு விதித்தார். ஜீரோவுக்கும் வைல்ட்கேட்டுக்கும் உள்ள ஏற்றத்தாழ்வை அவர் அப்படித்தான் செயற்கையாக உண்டாக்கினார். எந்தப் பக்கத்திலிருந்து பாய்ந்தாலும், குறி வைக்கும் நேரத்தில் ஒரு விமானத்தின் மூக்கு தம்மை நோக்கித் திரும்பியிருந்ததாக ஓ’ஹேர் இறங்கியதும் தெரிவித்தார்.

போரில் இது முதன்முதலாகச் சோதிக்கப்பட்டது 1942 ஜூன் 4ஆம் நாள், மிட்வேயில். யார்க்டவுன் கப்பலிலிருந்து கிளம்பிய 12 டெவஸ்டேட்டர் டார்பிடோ விமானங்களுக்குக் காவலாகத் தாச்சுக்குக் கிடைத்தவை ஆறே வைல்ட்கேட்டுகள். இரண்டைத் தாழ்வாக, டார்பிடோ விமானங்களை ஒட்டி அனுப்பிவிட்டு நான்கோடு அவர் மேலே பறந்தார். பாய்ந்த ஜீரோக்கள் முதல் தாக்குதலிலேயே அந்த நான்கில் ஒன்றை வீழ்த்திவிட்டன. எஞ்சிய மூவரில் மேகம்பர் வேறொரு ஸ்குவாட்ரனிலிருந்து வந்தவர், பின்னலில் பயிற்சி பெறாதவர், அவருடைய ரேடியோவும் இயங்கவில்லை. ஆகவே அவரைத் தம் பக்கத்திலேயே வைத்துக்கொண்டு, இளம் விமானி டிப்பைத் தனி ஜோடியின் தலைவரைப் போல விலகிப் பறக்கச் சொன்னார் தாச். தம் வாலில் ஒரு ஜீரோ இருப்பதாக டிப் அழைத்ததும் தாச் அவரை நோக்கித் திரும்பி, அவருக்கு அடியாக வந்து, துரத்தி வந்த ஜீரோவை எதிர்கொண்டு சுட்டார். நான்கு பேருக்காகத் தீட்டிய உத்தியை மூன்றே பேர் நிகழ்த்தினார்கள். அன்று தாச் மூன்று ஜீரோக்களையும், டிப் ஒன்றையும் வீழ்த்தியதாகப் பதிவாயிற்று.

இதை முழு வெற்றி என்று நான் சொல்ல மாட்டேன். அவர்கள் காக்க வந்த 12 டார்பிடோ விமானங்களில் பத்து அங்கேயே வீழ்ந்தன. ஆனால் ஜீரோக்கள் கீழே இவர்களோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்த அதே நேரத்தில்தான், மேலே காவலற்றிருந்த வானத்திலிருந்து டைவ் பாம்பர்கள் இறங்கி அகாகி, காகா, சோர்யூ ஆகிய மூன்று ஜப்பானிய விமானந்தாங்கிக் கப்பல்களையும் சில நிமிடங்களில் தீக்கிரையாக்கின.

இறுதியாக, கவசத்தைப் பற்றி நீங்கள் கேட்டதற்கு வருகிறேன். கவசம் எதிரியை வீழ்த்தாது என்பது சரிதான். ஆனால் துணை விமானம் திரும்பி வந்து சேரச் சில நொடிகள் ஆகும், அந்த நொடிகளைக் கவசம் வாங்கித் தந்தது. ஜீரோவின் 20 மி.மீ. பீரங்கி ஒவ்வொன்றுக்கும் 60 குண்டுகள்தான், ஏழெட்டு நொடிகள் தொடர்ந்து சுட்டால் தீர்ந்துவிடும். அதன் பிறகு மிஞ்சும் 7.7 மி.மீ. துப்பாக்கிகளை வைல்ட்கேட்டின் உடல் பெரும்பாலும் தாங்கியது. ஜீரோவுக்கு அந்த வசதி இல்லை. பின்னலில் ஒருமுறை குறுக்கே மாட்டினாலே அதன் தொட்டி தீப்பற்றிக்கொள்ளும்.

கறுவாத்தோட்டம் எழுதியது:

ஃபிட்டர் ஐயாவின் விளக்கத்துக்கு நன்றி. வளைந்து சண்டையிடுவது எவ்வளவு பெரிய பொறி என்பதற்கு எங்கள் கொழும்பே சாட்சியாக இருக்கிறது என்பதால், அதையும் இங்கே பதிய விரும்புகிறேன்.

மிட்வேக்கு இரண்டு மாதங்களுக்கு முன்னர், 1942 ஏப்ரல் 5ஆம் திகதி, உயிர்த்த ஞாயிறு காலையில், ஜப்பானியத் தளபதி நகுமோவின் விமானந்தாங்கிக் கப்பல்களிலிருந்து வந்த விமானங்கள் கொழும்பைத் தாக்கின. முந்தைய நாளே கனடிய விமானி பேர்ச்சால் தமது கற்றலீனா விமானத்திலிருந்து அந்தக் கடற்படையைக் கண்டு செய்தி அனுப்பியிருந்தார். அப்படியிருந்தும், தாக்குதல் தலைக்கு மேல் வந்த பின்னர்தான் இரத்மலானையில் இருந்த பிரித்தானியப் போர்விமானங்களான ஹரிகேன்கள் மேலெழ முடிந்தது. விமானம் ஏறிக்கொண்டிருக்கும்போது அதற்கு உயரமும் இல்லை, வேகமும் இல்லை. மேலே இருக்கும் ஜீரோவுக்கு அதைவிட இலகுவான இலக்கு வேறில்லை.

இன்னொரு பிரிவான 258ஆவது ஸ்குவாட்ரன், கொழும்புக் குதிரைப் பந்தயத் திடலில் அமைத்த ஓடுபாதையிலிருந்து கிளம்பியது. அந்த ஓடுபாதை இருப்பது ஜப்பானியருக்குத் தெரியாது. ஆகவே அவர்களுக்கு முதல் பாய்ச்சல் கிடைத்தது. ஆயினும் சண்டை வட்டமிடலாக மாறியதும் நிலைமை தலைகீழாகியது. புறப்பட்ட 14 ஹரிகேன்களில் பாதிக்கு மேல் திரும்பவில்லை. ஐரோப்பாவில் ஜெர்மானிய மெசர்ஸ்மிட்டோடு மோதிய ஹரிகேன் விமானிகளுக்குப் பழகியிருந்த பாடம், எதிரி பின்னால் வந்தால் இறுக்கமாக வளை என்பதுதான். ஹரிகேன் மெசர்ஸ்மிட்டைவிடச் சிறிய வட்டத்தில் வளையும். அங்கே உயிரைக் காத்த அதே பழக்கம் ஜீரோவின் முன்னால் உயிரைப் பறித்தது. திருகோணமலையிலிருந்து கொழும்புக்குப் பறந்துகொண்டிருந்த ஆறு பிரித்தானிய சோர்ட்ஃபிஷ் விமானங்களும் அன்று காலை வழியில் மாட்டி, ஆறுமே வீழ்ந்தன. நான்கு நாட்களின் பின்னர் திருகோணமலையிலும் தாக்குதல் நடந்தது. பிரித்தானிய விமானந்தாங்கியான ஹேர்மிஸ் கப்பல் அன்றுதான் மட்டக்களப்புக்கு அப்பால் மூழ்கியது.

அந்தத் திடலைச் சுற்றி இன்று கடைகளும் விளையாட்டரங்கும் இருக்கின்றன. மாலையில் அங்கே நடக்கும்போதெல்லாம், ஓடுபாதையின் நீளத்தை மனத்தால் அளந்து பார்ப்பது என் வழக்கம். அந்த இளைஞர்களிடம் துணிவுக்குக் குறைவே இருக்கவில்லை. தாச்சின் கைக்குப் போன அந்த உளவுக் குறிப்பைப் போன்ற ஒன்று அவர்களுக்கும் முறையாகச் சொல்லிக்கொடுக்கப்பட்டிருக்க வேண்டும் என்ற ஆதங்கம் எனக்கு இன்றும் தீரவில்லை.

மேகத்தடம் எழுதியது:

இரண்டு தவறான கருத்துகள் இணையத்தில் திரும்பத் திரும்ப வருவதால், அவற்றை மட்டும் திருத்திவிடுகிறேன்.

முதலாவது, ஃபிட்டர் ஐயா குறிப்பிட்ட அந்தக் கைப்பற்றிய ஜீரோவைப் பற்றியது. 1942 ஜூன் 4 அன்று, அதாவது மிட்வே நடந்த அதே நாளில், அலூஷியன் தீவுக்கூட்டத்தின் அகுடான் தீவில் தடாயோஷி கோகா என்ற விமானி சேதமடைந்த தம் ஜீரோவை இறக்க முயன்றார். புல்வெளி என்று கருதிய இடம் சதுப்பாக இருந்தது, சக்கரங்கள் புதைந்து விமானம் கவிழ்ந்ததில் கழுத்து முறிந்து அவர் இறந்தார். ஜூலையில் அமெரிக்கர் அதைக் கண்டெடுத்துச் சான் டியாகோவுக்குக் கொண்டுபோய்ச் செப்பனிட்டுப் பறக்கவிட்டது செப்டம்பரில்தான். இதைப் பார்த்துத்தான் வைல்ட்கேட்டுக்கு அடுத்து வந்த அமெரிக்கப் போர்விமானமான ஹெல்கேட்டை வடிவமைத்தார்கள் என்று பலர் எழுதுகிறார்கள். ஹெல்கேட்டின் முதல் மாதிரி அந்த ஜூன் மாதமே பறந்துவிட்டது. தாச்சின் பின்னலோ அதற்கும் முந்தியது. அகுடான் ஜீரோ தந்தது விமானத்தையன்று, விமானிகளுக்கான அறிவுரையை. பின்னால் ஜீரோ வந்தால் மூக்கைக் கீழே தள்ளிப் பாய்ந்து, வேகம் ஏறியதும் வலப்புறம் உருண்டு திரும்பு என்பதே அதன் சாரம்.

இரண்டாவது, சீனாவிலும் பர்மாவிலும் போரிட்ட ‘பறக்கும் புலிகள்’ என்ற அமெரிக்க விமானிகள் ஜீரோக்களை வீழ்த்தினார்கள் என்பது. அவர்கள் பெரும்பாலும் மோதியது ஜப்பானியத் தரைப்படையின் நகாஜிமா விமானங்களோடுதான். ஆனால் அவற்றின் குணமும் இலேசான உடலும் சிறு வளைவுமே என்பதால், அவர்களின் தலைவர் செனால்ட் தம் விமானிகளுக்குக் கற்பித்த வழியும் தாச்சின் வழிக்கு உறவுடையதாகவே இருந்தது. உயரத்திலிருந்து பாய்ந்து, ஒருமுறை சுட்டு, வளையாமல் அப்படியே கீழே ஓடிவிட வேண்டும் என்றார் அவர். உயரம் கையில் இருந்தால் செனால்டின் வழி போதும். டார்பிடோ விமானங்களுக்குக் காவலாகத் தாழ்வாகப் பறந்தே ஆக வேண்டிய நிலையில் பாய்வதற்கு உயரம் இருக்காது. அங்கேதான் பின்னல் தேவைப்பட்டது.

செந்நாரை எழுதியது:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. நேற்றிரவு நண்பர் ஒருவரும் நானும் இரண்டு வைல்ட்கேட்டுகளை எடுத்துக்கொண்டு, வேறு இருவர் ஓட்டிய இரண்டு ஜீரோக்களுக்கு எதிராக இதைச் செய்து பார்த்தோம். முதல் மூன்று முறையும் நாங்கள் இருவருமே வீழ்ந்தோம். நான்காவது முறை இடைவெளியைக் கூட்டினோம். நண்பரின் வாலில் ஜீரோ வந்ததும் நான் திரும்பினேன், அவரும் திரும்பினார், அவருடைய விமானம் என் மேலாகக் கடந்த மறுநொடி, துரத்தி வந்த ஜீரோ என் கண்ணாடி முழுவதையும் அடைத்துக்கொண்டு நேர் எதிரே வந்தது. சுடுவதற்குக் கிடைத்தது ஒரு நொடிதான், ஆனால் அதுவே போதுமானதாக இருந்தது. என் தவறு எங்கே இருந்தது என்பது இன்னும் முழுதாகப் பிடிபடவில்லை. நெருங்கிப் பறந்தால் ஒருவரையொருவர் எளிதில் காக்கலாம் என்றுதான் நினைத்திருந்தேன்.

பழைய ஃபிட்டர் எழுதியது:

உங்கள் சோதனையைப் படித்ததில் பெருமகிழ்ச்சி அடைந்தேன். நெருங்கிப் பறந்ததுதான் முதல் மூன்று முறை உங்களை வீழ்த்தியது. நெருக்கமாக இருந்தால் இருவருக்கும் திரும்ப இடமில்லை. நீங்கள் திரும்பி முடிப்பதற்குள் நண்பரைக் கடந்துவிடுவீர்கள், ஜீரோ உங்களுக்கும் பின்னால் போய்விடும். மிகவும் விலகியிருந்தாலோ, நீங்கள் வந்து சேர்வதற்குள் அதன் பீரங்கி வேலையை முடித்துவிடும். ஒரு வட்டத்தின் அகலம் என்று தாச் வைத்த அளவுக்குக் காரணம் இதுதான். இருவரும் பாதி வட்டத்துக்கும் குறைவாகத் திரும்பிய நிலையில் எதிரெதிரே சந்திக்கிறீர்கள், அப்போது துரத்துபவன் உங்களுக்கு நேர் முன்னால் இருப்பான்.

பிரித்தானிய விமானப்படை போரின் தொடக்கத்தில் மூன்று விமானங்களை அம்பு முனைபோல் நெருக்கமாகப் பறக்கவைத்ததும் இதே காரணத்தால்தான் பாழாயிற்று. முன்னால் போகிறவனோடு மோதாமல் இருப்பதிலேயே மற்ற இருவரின் கண்ணும் நிலைத்துவிட்டதால், வானத்தைப் பார்க்க ஆளில்லை. ஸ்பெயின் உள்நாட்டுப் போரில் மோல்டர்ஸ் முதலிய ஜெர்மானியர் விலகிப் பறக்கும் ஜோடிகளாக மாற்றிக்கொண்டார்கள். ஜப்பானியக் கடற்படையோ 1942இல் இன்னும் மூன்று மூன்றாகவே பறந்தது. ஜீரோவின் ரேடியோக்கள் சரியாகக் கேட்பதில்லை என்பதால், தரைத்தளங்களில் இருந்த சில பிரிவுகள் எடையாவது குறையட்டும் என்று அவற்றைக் கழற்றியே வைத்துவிட்டன. மூன்று பேர் பேசிக்கொள்ள வழியின்றிக் கலைந்தால், ஒவ்வொருவரும் தனியாள்தான். வைல்ட்கேட் விமானிகள் பேச முடியாத நிலையிலும் துணையின் திரும்பலைப் பார்த்தே காரியத்தை நடத்தினார்கள்.

அடுத்த முறை இன்னொன்றையும் கவனித்துப் பாருங்கள். எதிரே வரும் ஜீரோ நேராக இல்லாமல் சற்றுக் குறுக்காகக் கடந்தால், அது இருக்கும் இடத்தில் சுடாதீர்கள். அது போகப்போகும் இடத்தில் குண்டுகளை முன்கூட்டியே விதைக்க வேண்டும். அமெரிக்கக் கடற்படை போருக்கு முன்பே தன் விமானிகளுக்கு இந்த முன்கணிப்புச் சுடுதலை விடாப்பிடியாகப் பயிற்றியிருந்தது. அந்தப் பயிற்சி இல்லாத கைகளில் பின்னல் உயிரைக் காக்குமே தவிர எதிரியை வீழ்த்தாது. வைல்ட்கேட்டின் பிந்திய வகையில் துப்பாக்கிகளை நான்கிலிருந்து ஆறாக்கி, ஒவ்வொன்றுக்குமான குண்டுகளைக் குறைத்ததைத் தாச் விரும்பவில்லை. நான்கு துப்பாக்கியால் குறி பிடிக்கத் தெரிந்தவனுக்கு வேண்டியது கூடுதல் நேரம் சுடும் வாய்ப்புதான் என்பது அவருடைய கணக்கு.

இந்த உத்தி ஜெட் காலத்திலும் ஒருமுறை கைகொடுத்திருக்கிறது. 1965 ஜூன் 20 அன்று வியட்நாமில், புரொப்பெல்லரில் ஓடும் நான்கு ஸ்கைரெய்டர்களை மிக்-17 ஜெட்டுகள் தாக்கின. நான்கும் மலைகளை ஒட்டித் தாழ்வாக இறங்கி, ஜோடி ஜோடியாகப் பின்னத் தொடங்கின. ஒன்றைத் துரத்தி வந்த மிக் மற்ற ஜோடியின் முன்னால் வந்து வீழ்ந்தது. அந்த ஸ்கைரெய்டர்கள் கிளம்பிய கப்பலின் பெயர் மிட்வே. உங்கள் சிமுலேட்டரில் அந்த இரண்டு விமானங்களும் இருந்தால் அடுத்ததாக அதை ஓட்டிப் பார்த்துவிட்டு, இடைவெளியை எவ்வளவு வைத்தீர்கள் என்பதையும் இங்கே எழுதுங்கள்.